பானையோட்டின் சாட்சியமும் திருப்பதி நெய்யும்

2024 செப்டம்பர் 18 அன்று ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு, தேசிய ஜனநாயகக் கூட்டணி சட்டமன்ற உறுப்பினர்கள் கூட்டத்தில் ஒரு குற்றச்சாட்டை எழுப்பினார். முந்தைய ஒய்எஸ்ஆர் காங்கிரஸ் ஆட்சியில் திருப்பதி லட்டு தயாரிக்கப் பயன்படுத்திய நெய்யில் விலங்குக் கொழுப்பு கலந்திருந்தது என்பதே அது. மறுநாளே குஜராத்தின் ஆனந்த் நகரிலுள்ள தேசிய பால்வள வாரிய ஆய்வகத்தின் அறிக்கை ஊடகங்களுக்கு வழங்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் நாடெங்கும் கோயில் பிரசாதங்கள் ஆய்வகங்களுக்குச் சென்றன. திருமலையில் தோஷ நிவர்த்தி யாகம் நடந்தது. துணை முதலமைச்சர் பவன் கல்யாண் 11 நாள் விரதம் தொடங்கி, சனாதன தர்மத்தைக் காக்க தேசிய அளவில் ஒரு வாரியம் வேண்டும் என்றார். கலப்படம் என்ற நுகர்வோர் பிரச்சனை, ஒரு வாரத்திற்குள் மதத்தின் மீதான தாக்குதலாக உருமாற்றப்பட்டது.

இந்தக் கூச்சலில் ஒரு கேள்வி மட்டும் கேட்கப்படவே இல்லை. அந்த ஆய்வக அறிக்கை உண்மையில் என்ன சொன்னது? அதைவிட அடிப்படையான கேள்வியும் உண்டு. ஒரு துளி கொழுப்பிலிருந்து, அது எந்த உயிரினத்திலிருந்து வந்தது என்பதை வேதியியல் எந்த அளவிற்கு உறுதியாகச் சொல்ல முடியும்?

இதற்கு விடை தேட, நெய் ஆய்வகத்தை விட்டுச் சற்று விலகித் தொல்லியல் ஆய்வகத்திற்குள் நுழைய வேண்டும். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பானையில் என்ன சமைத்தார்கள் என்பதைக் கண்டறியும் முறையும், இன்று ஒரு டேங்கர் லாரியில் வந்த நெய்யைச் சோதிக்கும் முறையும் ஒரே வேதியியலின் இரு கிளைகள்.

மண் குடித்த கொழுப்பு

மெருகிடாத மண்பானை நுண்துளைகள் நிறைந்தது. அதில் இறைச்சியோ பாலோ கொதிக்கும்போது கொழுப்பின் ஒரு பகுதியை மண்சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. பானை உடைந்து குப்பை மேட்டில் புதைந்த பின்னும், அந்தக் கொழுப்பமிலங்களில் ஒரு சிறு பங்கு மண்ணின் துளைகளுக்குள் தங்கியிருக்கிறது. ஓட்டைப் பொடித்து, கரைப்பான்களால் கொழுப்பைப் பிரித்தெடுத்து, வாயு குரோமட்டோகிராஃப் கருவியில் செலுத்தினால் எந்தெந்த அமிலங்கள் எந்த அளவில் உள்ளன என்பது தெரியவரும்.

அமிலங்களின் அளவு மட்டும் போதாது. பால்மிடிக் அமிலமும் ஸ்டியரிக் அமிலமும் ஏறத்தாழ எல்லாக் கொழுப்புகளிலும் உண்டு. எனவே அவற்றிலுள்ள கார்பன் அணுக்களின் எடை வேறுபாட்டை, அதாவது கார்பன்-12, கார்பன்-13 ஆகிய ஐசோடோப்புகளின் விகிதத்தை அளக்கிறார்கள். அசைபோடும் விலங்கின் மடியால் ஸ்டியரிக் அமிலத்தைத் தானே உண்டாக்க இயலாது. தீவனத்திலிருந்து வந்ததையே எடுத்துப் பாலில் சேர்க்கிறது. ஆகவே பால் கொழுப்பின் ஸ்டியரிக் அமிலத்தில், அதே மாட்டின் உடற்கொழுப்பில் உள்ளதைக் காட்டிலும் கார்பன்-13 குறைவு. இந்த நுட்பமான இடைவெளியைக் கொண்டு பால் காய்ச்சிய பானையையும் கறி சமைத்த பானையையும் வேறுபடுத்தலாம் என்பதை 1998இல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபனி டட், ரிச்சர்ட் எவர்ஷெட் ஆகியோர் நிறுவினர்.

எலும்பும் பல்லும் இன்னொரு வகைச் சாட்சியம் தருகின்றன. நெல், கோதுமை ஆகியவை ஒரு முறையிலும், கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவை வேறொரு முறையிலும் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. உண்டவரின் எலும்பில் அந்த வேறுபாடு பதிகிறது. உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் நைட்ரஜன்-15 கூடுகிறது. அதைக் கொண்டு புலால் உணவின் பங்கை மதிப்பிடலாம். பல்லின் எனாமலில் உள்ள ஸ்ட்ரான்சியம், அவர் குழந்தைப் பருவத்தில் எந்த நிலத்தின் நீரையும் பயிரையும் உண்டு வளர்ந்தார் என்பதற்குத் தடயம்.

கண்டறியப்பட்டவை

இந்தியாவில் இத்துறை இளமையானது. ஆனால் வந்துள்ள சில முடிவுகளே, பண்டைய இந்தியா பற்றிய ஒற்றை வண்ணச் சித்திரத்தைக் கலைக்கப் போதுமானவை.

குஜராத்தின் கட்ச் பகுதியில் உள்ள கோடடா பட்லி என்ற சிறு ஹரப்பா குடியிருப்பின் 59 பானையோடுகளைக் கல்யாண் சேகர் சக்ரவர்த்தியும் அவரது குழுவினரும் ஆராய்ந்து 2020இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றில் 21 ஓடுகளில் பால்பொருள்களின் தடயம் இருந்தது. ஏறத்தாழ கி.மு. 2500ஐச் சேர்ந்த இது, தெற்காசியாவில் பால் பதப்படுத்தியதற்குக் கிடைத்த மிகப் பழைய நேரடிச் சான்று.

அதே ஆண்டின் இறுதியில் அக்ஷயேதா சூர்யநாராயண் தலைமையிலான குழு, ஹரியானாவிலும் மேற்கு உத்தரப்பிரதேசத்திலும் உள்ள ஹரப்பா கால ஊர்கள், நகரங்களின் 172 பானையோடுகளை ஆராய்ந்த முடிவை வெளியிட்டது. பன்றி போன்ற விலங்குகளின் கொழுப்பு, மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் இறைச்சிக் கொழுப்பு, பால் கொழுப்பு என எல்லாமே அதில் தென்பட்டன. விலங்குக் கொழுப்பே மேலோங்கியிருந்தது. ஹரியானாவின் ஃபர்மானாவில், பானையிலும் மனிதப் பற்களிலும் மஞ்சள், இஞ்சியின் மாவுத் துகள்கள் கிடைத்ததை அருணிமா கஷ்யப், ஸ்டீவ் வெபர் ஆகியோர் 2010இல் அறிவித்திருந்தனர். ராஜஸ்தானின் பிஞ்ஜோரில் 2014-17 அகழாய்வில் கிடைத்த உருண்டைகள், பார்லி, கோதுமை, கொண்டைக்கடலை, எண்ணெய் வித்துகள் சேர்ந்த ஒருவகை லட்டு என்று லக்னோ பீர்பால் சாஹ்னி நிறுவனத்தின் ஆய்வு 2021இல் தெரிவித்தது.

பாலும் உண்டு, புலாலும் உண்டு. மஞ்சளும் உண்டு, லட்டும் உண்டு. சைவம் என்ற ஒற்றைச் சொல்லிலோ அசைவம் என்ற ஒற்றைச் சொல்லிலோ அந்த மக்களின் அடுப்பை அடக்க முடியாது.

இங்கே முற்போக்காளர்களுக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. சூர்யநாராயண் குழுவினரே தமது ஆய்வின் வரம்புகளை விரிவாகப் பேசியுள்ளனர். வெப்ப மண்டலத்தில் கொழுப்பு விரைவில் சிதைகிறது. ஒரே பானையில் பல ஆண்டுகள் பலவும் சமைக்கப்பட்டிருக்கும். தாவர எண்ணெயும் விலங்குக் கொழுப்பும் கலந்தால் அளவீடு நடுவில் நின்றுவிடும். மாடு எந்தப் புல்லைத் தின்றது என்பதும் கணக்கை மாற்றும். பானையோட்டில் கொழுப்பு ஒட்டியிருக்கிறது, மதம் ஒட்டியிருப்பதில்லை. எதிரிக்குப் பதிலடியாக ஒரு முழக்கம் கிடைத்துவிட்டது என்று இந்த முடிவுகளைக் கையாண்டால், அறிவியலுக்கு அவர்கள் செய்வதையே நாமும் செய்தவர்களாவோம்.

கல்வெட்டு சொல்லாததை யார் சொல்வது?

இனிச் சித்தூர், திருப்பதி மண்ணுக்கு வருவோம். 2022 ஏப்ரலில் இரு மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்ட இப்பகுதி, எழுத்துச் சான்றுகளில் வளமானது. திருமலை, திருப்பதி கல்வெட்டுகள் ஆயிரத்திற்கும் மேற்பட்டவை; பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. பல்லவ அரசி சாமவை 10ஆம் நூற்றாண்டில் அளித்த வெள்ளித் திருமேனி முதல், விஜயநகர மன்னர்களும் வணிகர்களும் அளித்த கொடைகள் வரை அவற்றில் பதிவாகியுள்ளன. நாள்தோறும் படைக்க வேண்டிய அமுதுக்கு அரிசி எவ்வளவு, நெய் எவ்வளவு, பயறு எவ்வளவு, வெல்லம் எவ்வளவு என்று அளவு தவறாமல் பொறித்திருக்கிறார்கள். படைத்த பிரசாதத்தில் கொடையாளிக்கு உரிய நாலில் ஒரு பங்கிற்கு 'விட்டவன் விழுக்காடு' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கொடைப் பணம் என்ன ஆயிற்று என்பதை வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1960இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். கோயில் அதைத் தனது கிராமங்களில் ஏரியும் கால்வாயும் வெட்டுவதில் முதலிட்டது. பாசனம் பெருகி மிகுதியாக விளைந்ததிலிருந்து அமுதுபடி வந்தது. அதாவது, ஒவ்வொரு தளிகைக்கும் பின்னால் ஏரி வெட்டியவரின், நாற்று நட்டவரின், மாடு மேய்த்தவரின் உழைப்பு இருந்தது.

அந்த உழைப்பாளிகள் என்ன உண்டார்கள்? கல்வெட்டில் அதற்கு ஒரு வரியும் இல்லை. கொடுத்தவர் பெயர் கல்லில் நின்றது. விளைவித்தவர் பெயர் நிற்கவில்லை. எழுத்து, ஆளும் வர்க்கத்தின் அடுக்களையை மட்டுமே காட்டுகிறது. உழைத்தவரின் அடுக்களையைக் காட்டக்கூடியது உடைந்த பானை ஒன்றுதான். பண்டைய உணவைத் தேடும் வேதியியலின் அரசியல் முக்கியத்துவம் இங்கேதான் இருக்கிறது. எழுதத் தெரியாதவரும் எழுத அனுமதிக்கப்படாதவரும் விட்டுச் சென்ற ஆவணத்தைப் படிக்க அது கற்றுத் தருகிறது.

ராயலசீமையின் புதிய கற்கால வரலாறே இப்படித்தான் வெளிவந்தது. பல்லாரி, அனந்தபுரம், கர்நூல் வட்டாரங்களில் பெரும் சாம்பல் மேடுகள் உள்ளன. ஹம்பிக்கு அருகிலுள்ள நிம்பாபுரம் மேட்டை வாலியின் உடலை எரித்த சாம்பல் என்று மக்கள் வழங்குவார்கள். எரிமலை என்றும் உலைக்களம் என்றும் ஆங்கிலேய அதிகாரிகள் பலவாறு ஊகித்தார்கள். 1957இல் ரேமண்ட் ஆல்சின் உட்னூரில் நடத்திய அகழாய்வும், 1960இல் வெளியான சோய்னரின் ஆய்வும் புதிரை அவிழ்த்தன. அவை மாட்டுப் பட்டிகளில் சேர்ந்த சாணம் மீண்டும் மீண்டும் எரிக்கப்பட்டதன் எச்சங்கள். புராணம் சொன்ன வாலியின் இடத்தில், ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பெயரற்ற மாடு மேய்ப்பர்கள் வந்து நின்றார்கள்.

அவர்களது தானியத்தை, கருகிய விதைகளைக் கொண்டு டோரியன் ஃபுல்லர், ரவி கோரிசெட்டர், வெங்கடசுப்பையா ஆகியோர் அடையாளம் கண்டனர். இன்று தெலுங்கில் அண்டு கொர்ரலு எனப்படும் சிறுதானியம், கொள்ளு, பாசிப்பயறு ஆகியவை தென்னகத்தின் முதல் உழவர்களின் பயிர்கள். சித்தூர் வட்டாரத்து உழைக்கும் வீடுகளில் இன்றும் ராகி சங்கட்டியும் கொள்ளும் அன்றாட உணவாக நீடிப்பதை நினைத்தால், சிறுதானியமும் பயறும் சேர்ந்த இந்த உணவுமுறையின் வேர் எவ்வளவு ஆழமானது என்பது புரியும்.

ஆயினும் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் செய்ய வேண்டியது மிகுதி. ரேணிகுண்டாவின் பழைய கற்காலக் கருவிகளை எம்.எல்.கே. மூர்த்தி அறுபதுகளிலேயே உலகிற்கு அறிமுகப்படுத்தினார். மல்லய்யப்பள்ளியில் 'பாண்டவ குள்ளு' என்று வழங்கும் பெருங்கற்காலக் கல்திட்டைகள் உள்ளன. குடிமல்லத்தில் 1973இல் ஐ.கே. சர்மா நடத்திய அகழாய்வில் கருப்பு-சிவப்புப் பானையோடுகள் கிடைத்தன. திருப்பதி நகரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் 1954இல் தொடங்கிய வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும், 2015இல் தொடங்கிய ஐஐடியும், ஐசர் நிறுவனமும் இருக்கின்றன. பானையோடும் இங்கே; வேதியியலும் இங்கே. இரண்டையும் இணைக்கும் அரசியல் விருப்பம்தான் தேவை.

நெய் அறிக்கை சொன்னது என்ன?

இனி ஆனந்த் ஆய்வக அறிக்கையைப் பார்ப்போம். அங்கே பின்பற்றப்படும் சர்வதேச முறை நெய்யின் ட்ரைகிளிசரைடுகளை அளந்து, ஐந்து சமன்பாடுகளில் இட்டு மதிப்பெண் காண்கிறது. மதிப்பெண் வரம்பிற்கு வெளியே சென்றால் அந்நியக் கொழுப்பு கலந்திருக்கலாம் என்று பொருள். 2024 ஜூலையில் அனுப்பப்பட்ட மாதிரிகள் வரம்பிற்கு வெளியே வெகுதூரம் சென்றிருந்தன. கலப்பட ஐயம் கடுமையானது என்பதில் விவாதத்திற்கே இடமில்லை.

ஆனால் எதனால் கலப்படம்? அந்த முறையில் சோயா, சூரியகாந்தி முதலிய தாவர எண்ணெய்களும் மீன் எண்ணெயும் ஒரே சமன்பாட்டின் கீழ் வருகின்றன. பாமாயிலும் மாட்டுக் கொழுப்பும் இன்னொன்றில் சேர்ந்தே வருகின்றன. அதாவது, அந்த ஒரு மதிப்பெண்ணை மட்டும் வைத்து இது மலிவான பாமாயிலா மாட்டுக் கொழுப்பா என்று பிரித்துச் சொல்ல இயலாது. பசுவிற்குத் தாவர எண்ணெய் மிகுந்த தீவனம் அளித்தாலோ, தீவனம் போதாமல் அது பட்டினி கிடந்தாலோ தவறான முடிவு வரக்கூடும் என்று அறிக்கையின் இணைப்பே குறிப்பிட்டது. பானையோட்டு ஆய்வாளர் எந்த வரம்புகளை ஒப்புக்கொண்டு எழுதுகிறாரோ, அவற்றையொத்த வரம்புகளே இங்கும் எழுதப்பட்டிருந்தன. மேடையேறியவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. ஒரே வரியில் அருகருகே இருந்த இரு பெயர்களில் பாமாயிலைத் துடைத்துவிட்டு மாட்டுக் கொழுப்பை மட்டும் ஒலிபெருக்கியில் உரத்துச் சொன்னார்கள்.

2024 செப்டம்பர் 30 அன்று உச்சநீதிமன்றம், கடவுள்களையாவது அரசியலிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அக்டோபர் 4 அன்று சிபிஐ இயக்குநரின் மேற்பார்வையில் ஐவர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. 2025 பிப்ரவரியில் பால் நிறுவனங்களோடு தொடர்புடைய 4 பேர் கைதாயினர். விசாரணை சென்று சேர்ந்த இடம் வேற்று மதத்தாரின் வாசலாக இல்லை. கொள்முதல் ஒப்பந்தங்களின், தனியார் லாபத்தின் வாசலாக இருந்தது.

அதில் வியப்பதற்கு ஏதுமில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லட்சம் லட்டுகள் தயாராகும் இடத்திற்குக் கிலோ 320 ரூபாய் அளவிலான விலையில் நெய் கொள்முதல் செய்யப்பட்டது. 4 சதவீதக் கொழுப்புள்ள பசும்பாலில் ஏறத்தாழ 25 லிட்டர் இருந்தால்தான் ஒரு கிலோ நெய் கிடைக்கும். கொழுப்பு நீக்கிய பாலை விற்றுக் கிடைக்கும் வருவாயைக் கழித்தாலும், இந்த விலையில் தூய நெய் எப்படிச் சாத்தியம் என்று சித்தூரில் இரண்டு மாடு வைத்திருக்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். அதற்குக் குரோமட்டோகிராஃப் தேவையில்லை. கர்நாடகக் கூட்டுறவு இணையத்தின் நெய், விலை கட்டுப்படியாகாமல் 2023இல் நின்றுபோனது. சித்தூர் மாவட்டத்தின் சொந்தக் கூட்டுறவுப் பால்பண்ணையோ 2002இலேயே மூடப்பட்டுவிட்டது. தனியார் பால் நிறுவனங்கள் கொழிக்க, விவசாயிகளின் கூட்டுறவு நொடிக்க விடப்பட்டது. தெலுங்கு தேசம், ஒய்எஸ்ஆர் காங்கிரஸ் இரண்டும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவை. மாட்டுக் கொழுப்பைப் பற்றிப் பேசுவது, மாடு வளர்ப்பவரைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்கு வசதியாக இருக்கிறது.

ஆய்வகமா, கொலைக்களமா?

கொழுப்பும் இறைச்சியும் குறித்த சோதனை, அறிவியலின் கையிலிருந்து மதவெறியின் கைக்கு மாறினால் என்ன நேரும் என்பதை நாடு ஏற்கெனவே கண்டுவிட்டது. 2015 செப்டம்பர் 28 அன்று உத்தரப்பிரதேசத்தின் தாத்ரி அருகே மகமது அக்லக் அடித்துக் கொல்லப்பட்டார். அதன் பின் இறைச்சி மாதிரி சோதனைக்குச் சென்றது. முதற்கட்டக் கால்நடை மருத்துவ அறிக்கை ஆட்டிறைச்சி என்றது. மதுரா ஆய்வகம் பசு இனம் என்றது. கொன்றவர்களை விட்டுவிட்டு, கொல்லப்பட்டவரின் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது. எந்த விடை வந்திருந்தாலும் கொலை கொலைதான் என்ற எளிய உண்மை, ஆய்வக அறிக்கைகளின் அடியில் புதைக்கப்பட்டது.

கடந்த காலத்திற்கும் இதே கதிதான். 2020 பிப்ரவரியில் டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் நடந்த சிந்துவெளி உணவு விருந்தில் இறைச்சி வகைகள் கடைசி நேரத்தில் நீக்கப்பட்டன. ஹரப்பா மக்களின் பொருள்களைக் கண்ணாடிப் பேழையில் வைத்திருக்கும் நிறுவனம், அவர்களது உணவைத் தட்டில் வைக்க அஞ்சியது. கீழடியின் கதை இன்னும் அண்மையது. அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் அளித்த அறிக்கையை, திருத்தி எழுதுமாறு இந்தியத் தொல்லியல் துறை 2025 மே மாதம் திருப்பி அனுப்பியது. ஜூனில் அவர் இடமாற்றம் செய்யப்பட்டார். ஆய்வக முடிவு தமக்குச் சாதகமாகத் தோன்றினால் முரசறைவது, பாதகமாகத் தோன்றினால் திருத்தச் சொல்வது என்பதே ஒன்றிய ஆட்சியாளர்களின் அறிவியல் கொள்கை.

ஆய்வாளரின் நேர்மை எப்படியிருக்கும் என்பதையும் கீழடியே காட்டியது. தமிழ்நாடு தொல்லியல் துறையின் 2019 அறிக்கை, சோதித்த 70 எலும்பு மாதிரிகளில் 53 சதவீதம் மாடு, எருமை, ஆடு ஆகியவற்றுக்கு உரியவை என்றது. அவற்றை முதன்மையாக வேளாண்மையோடு தொடர்புபடுத்தியது. வெட்டுத் தழும்புகள் காணப்பட்ட மான், ஆடு, காட்டுப்பன்றி எலும்புகளைக் கொண்டே புலால் உணவைப் பற்றிப் பேசியது. சான்று நிற்கும் இடத்தில் தானும் நின்றது.

செய்ய வேண்டியவை

கலப்படம் செய்தவர்கள் தண்டிக்கப்பட வேண்டும்; பக்தர்களும் நுகர்வோர்தான், அவர்களுக்குத் தூய உணவு பெறும் உரிமை உண்டு. திருமலைக்கும் மாநிலத்தின் எல்லாப் பொது உணவு நிறுவனங்களுக்கும் முழு வசதியுள்ள பொதுத்துறை ஆய்வகங்கள் வேண்டும். அவற்றின் அறிக்கைகள் கட்சி அலுவலகங்கள் வழியாகக் கசியாமல், விளக்கங்களோடும் வரம்புகளோடும் முழுமையாக மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். சித்தூர் விவசாயிகளின் கூட்டுறவுப் பால் உற்பத்திக்குப் புத்துயிர் அளித்து, கட்டுப்படியாகும் விலையில் அவர்களிடமே நெய் கொள்முதல் செய்ய வேண்டும். ராயலசீமையின் தொல்லியல் இடங்களைக் கல்குவாரிகளிடமிருந்து காத்து, திருப்பதியின் அறிவியல் நிறுவனங்களோடு இணைத்து உணவு வரலாற்று ஆய்வைத் தொடங்க வேண்டும். அகழாய்வு அறிக்கைகள் அரசியல் தணிக்கையின்றி உரிய காலத்தில் வெளிவர வேண்டும்.

கட்சி ஊழியர்களுக்கும் இதில் ஒரு பணி உண்டு. ஆய்வக அறிக்கை என்ற பெயரில் ஒரு தாள் சமூக ஊடகத்தில் சுற்றத் தொடங்கும்போது, அதன் கடைசிப் பக்கம் வரை படித்து மக்களிடம் விளக்கும் பழக்கம் கிளைகள்தோறும் வளர வேண்டும். அறிவியல் மனப்பான்மை என்பது இத்தகைய அன்றாடப் பயிற்சியால் வருவது. எந்த அடுப்பில் எது வெந்தது என்று அறிவது வரலாறு. எந்த அடுப்பில் எது வேகக்கூடாது என்று ஆணையிடுவது ஆதிக்கம். முதலாவதற்குத் துணை நின்று இரண்டாவதை எதிர்ப்பதே, கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படாத அந்த உழைப்பாளிகளின் வழிவந்தவர்களுக்கு உரிய கடமை.